அம்மா போட்ட பிரேக்

ஏலக்காய் வாசனையும் கருகிய பிரேக் லைனிங்கின் நாற்றமும் ஒன்றாகக் கலந்தால் எப்படிப்பட்ட வாடை வரும் என்பது, கம்பம் ரோட்டோரம் வளர்ந்த எங்களைத் தவிர மற்றவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. பொழுது சாயும் நேரத்தில் மெட்டு என்று நாங்கள் சொல்லும் மலைப்பாதையில் இறங்கி வரும் தோட்டத்து ஜீப்புகள் அந்த வாடையையும் கூடவே ஏற்றிக்கொண்டு வரும். மேலே உட்கார்ந்திருக்கும் பெண்களின் சேலையிலிருந்து பச்சை ஏலக்காயின் குளிர்ந்த மணம், கீழே வளைவுக்கு வளைவு மிதிபட்டுச் சூடேறிய சக்கரங்களிலிருந்து மயிர் பொசுங்குவது போன்ற ஒரு நெடி. எங்கள் வீடு கடைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இருந்ததால் அந்த வாடை அடுப்படிக்குள் வந்து, சோற்றுப் பானையைச் சுற்றி, என் நாலாம் வகுப்புப் பாடப் புத்தகத்திலும் தங்கிவிடும்.

அப்பா ஆரோக்கியம் ஜீப் மெக்கானிக். உத்தமபாளையத்தைத் தாண்டிக் கம்பம் போகும் சாலையில், தகரக் கூரை போட்ட இடம்தான் கடை. பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து விடிகாலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு மேலே கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், மாலையில் திரும்ப இறக்கிவிடும் ஜீப்புகளுக்கு அவர்தான் வைத்தியம் பார்த்தார். "காய் எடுக்க" என்று அந்தப் பெண்களின் ஏலக்காய் பறிக்கும் வேலையைச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோட்டம் கிடையாது என்பதால் வண்டிகளைப் பிரிக்க அன்றுதான் வாய்க்கும். அதனால் அப்பா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய் நான் பார்த்ததே இல்லை. மாதா கோயிலிலிருந்து திரும்பும் அம்மா, "சாமியாரு இன்னிக்கும் ஒங்களக் கேட்டாக" என்பாள். ஜீப்புக்கு அடியிலிருந்து, "நானும் விசாரிச்சேன்னு சொல்லு" என்று பதில் வரும்.

சிறு வயதில் எனக்கு அப்பாவின் உடம்பு ஒரு தீராத வேடிக்கை. அவருடைய வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். சட்டையைத் தைத்தவர் தப்பாகத் தைத்துவிட்டார் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். நெஞ்சில் சில நாட்களில் கன்றிப்போன நீலத் தடம் ஒன்று தெரியும். கியர் பாக்ஸைக் கழற்றும்போது அது கீழே விழுந்துவிடாமல், மல்லாக்கப் படுத்தபடியே அதை "நெஞ்சு மேல வாங்குவது" வழக்கமாம்; நான் கேட்டபோது, ஒரு பிள்ளையைத் தூக்கிப் படுக்கவைத்துக்கொள்வதுபோல அவர் செய்து காட்டினார். காலையில் பாயிலிருந்து நேராக எழுந்திருக்க மாட்டார்; ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, பிறகு முட்டியை, பிறகு சுவரைப் பிடித்து, ஒரு கட்டடம் மெல்ல எழும்புவதுபோல எழுவார். அவர் போன பிறகு அதே பாயில் படுத்து நானும் அதே மாதிரி எழுந்து பார்ப்பேன். எதற்கு இவ்வளவு சுற்று என்று எனக்கு விளங்கியதே இல்லை. டீசல் டியூபை வாயில் வைத்து உறிஞ்சிய நாட்களில் அவருக்கு எந்தச் சாப்பாடும் ருசிக்காது. அம்மா அன்றைக்கு மட்டும் அவருடைய குழம்பில் தனியாக மிளகாயைக் கிள்ளிப் போடுவாள்.

இத்தனை வலிக்கும் வேலையை ஒருவர் ஏன் விரும்பிச் செய்கிறார் என்பது அடுத்த கேள்வி. ஊமையாகக் கிடந்த ஒரு இன்ஜின் திடீரென்று பிடித்து உறுமத் தொடங்கும்போது, அப்பா கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, வேறு யாரோ பழுதுபார்த்த வண்டியைப் பார்ப்பதுபோல அதை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அப்போது அவர் முகத்தில் ஒன்று தெரியும். அது என்ன என்று கண்டுபிடிக்க நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். சாப்பாட்டிலோ திருவிழாவிலோ அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஓரளவு பதில் கிடைத்தது நான் நாலாம் வகுப்பு படித்த வருஷத்துக் காய் எடுப்பின்போதுதான்.

காதர் மாமா சொந்தமாக ஒரு ஜீப் வைத்து ஓட்டியவர். கடைக்கு வரும் வண்டிக்காரர்களில் எங்கள் வீட்டுக்குள் வந்து தண்ணீர் எடுத்துக் குடிக்கும் உரிமை அவருக்கு மட்டும் உண்டு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பெண்களை இறக்கிவிட்டுவிட்டு வந்தவர், பிரேக் மிதி தரைக்குப் போகிறது என்றார். அப்பா ஜீப்பைக் கட்டைகளின் மேல் நிறுத்தி, நான்கு சக்கரங்களையும் கழற்றி, உள்ளே சட்டிபோல் இருந்த பிரேக் டிரம்களையும் ஒவ்வொன்றாக உருவினார். கடைசி டிரம் துருப்பிடித்து வர மறுத்தது. குந்த உட்கார்ந்து, சுத்தியால் தட்டி, இரண்டு கையாலும் பற்றி இழுத்தார். அது வராமலே இருந்து சட்டென்று மொத்தமாக வந்தது. டிரம் கையிலிருந்து நழுவி உருண்டு போனது. அப்பா குந்திய நிலையிலேயே பக்கவாட்டில் சாய்ந்து அப்படியே கிடந்தார். அவர் கத்தியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

"தொடாத லூர்து. அசைக்காத. இப்படியே கொஞ்சம் கெடக்கேன்" என்றார் அம்மாவிடம். காதர் மாமாவும் பக்கத்து டயர்க் கடைக்காரரும் ஒரு பலகையை அடியில் செருகித்தான் அவரை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். வந்து பார்த்த டாக்டர் ஊசி போட்டுவிட்டு, டிஸ்க் விலகியிருக்கும்போலத் தெரிகிறது, தேனிக்குப் போய்ப் படம் எடுத்துப் பாருங்கள், அதுவரை பலகையை விட்டு எழுந்திருக்கக்கூடாது என்றார்.

ஜீப் நான்கு காலும் கழன்ற மாடுபோல வெளியே நின்றது. காதர் மாமா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, கைலி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சொல்லுப்பா" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லண்ணே. திங்கக்கிழம வண்டி போகலைன்னா அந்தப் பொம்பளைகள வேற ஜீப்புக்காரன் ஏத்திட்டுப் போயிருவான். ஒரு தடவ மாறுனா மாறுனதுதான். அவுகளயும் குத்தஞ் சொல்ல முடியாது, காய் எடுப்பு நேரம்."

வேறு மெக்கானிக்கைக் கூப்பிடலாமே என்று டயர்க் கடைக்காரர் சொன்னார். ஒருத்தர் பிரித்துப்போட்ட வேலையில் இன்னொருத்தர் கை வைக்க மாட்டார் என்பது அந்தத் தொழிலில் எழுதாத சட்டம். அதிலும் பிரேக் வேலையில் யாரும் வைக்க மாட்டார்கள். கதவோரத்தில் நின்றிருந்த அம்மாதான் பேசினாள்.

"நான் அடியில படுத்துச் செய்றேன். நீங்க சொல்லுங்க."

கடையில் உதவிக்கு இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பூருக்குப் போய்விட்ட பிறகு, டார்ச் பிடிப்பது, மண்ணெண்ணெயில் சாமான்களைக் கழுவுவது, எந்த போல்ட் எங்கே இருந்தது என்று நினைவு வைத்திருப்பது எல்லாம் அம்மாவின் வேலையாகத்தான் இருந்தது. ஆனாலும் அப்பா பலகையிலிருந்து முகத்தை மட்டும் திருப்பி, "வெளையாட்டா இது? மெட்டு எறங்குற வண்டி" என்றார்.

"தெரியும். நானும் அந்த மெட்டுல எறங்குனவதான."

கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவும் காய் எடுக்கப் போனவள். பிரேக் பிடிக்காமல் போன ஒரு ஜீப்பை டிரைவர் மலைச்சரிவில் மோதி நிறுத்திய நாளில் அவள் அந்த வண்டிக்குள் இருந்தாள். அவள் முழங்காலில் இருந்த நீளத் தழும்பு அந்த நாளில் வந்தது என்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அப்பா கடைசியில், "சரி. வெளிச்சம் வரட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா முதல் பூசைக்குப் போய்விட்டு வந்தாள். வந்து, அப்பாவின் பழைய சட்டையையும் கால்சட்டையையும் போட்டுக்கொண்டு, கொண்டையை ஒரு துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது நான் வேற்று ஆள் என்று ஒரு கணம் ஒதுங்கி நின்றேன். அப்பாவைப் பலகையோடு தூக்கிவந்து ஜீப்புக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அம்மா சின்ன உருவம். அப்பா வயிற்றை எக்கிக்கொண்டு நுழையும் இடத்தில் அவள் பாயை இழுத்துக்கொண்டு சாதாரணமாக நுழைந்துவிட்டாள்.

"அங்கன என்னம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"வந்து பாரு" என்றாள்.

நானும் ஊர்ந்து போய் அவள் பக்கத்தில் மல்லாக்கப் படுத்தேன். மேலே பார்த்தால் வானமே இரும்பாக இருந்தது. எத்தனையோ நாள் சேறு அடுக்கடுக்காய்க் காய்ந்து ஒட்டியிருந்தது. சிவப்பு மண், கறுப்பு மண், அதற்குள் ஏல இலையின் நார், யாரோ தவறவிட்ட ஒரு பிளாஸ்டிக் வளையல். ஒரு நாளும் வெயில் படாத இடத்தின் குளிர்ச்சி அங்கே இருந்தது. கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரிய வேலை. தொட்டால் மண் உதிர்ந்தது. கையை மேலே தூக்கியபடி நான் நூறு எண்ணலாம் என்று தொடங்கி, பாதிகூட எண்ணுவதற்குள் தோள் கடுக்கக் கீழே போட்டேன். அப்பாவின் தோள் ஏன் இறங்கியது என்று யாரும் சொல்லாமலே எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

மிகவும் கஷ்டமாக இருந்தது, பிரேக் கட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கை மாட்டுவது. இடுக்கியால் இழுத்து, துளைக்கு நேராகக் கொண்டுவந்து, கடைசி நொடியில் அது வழுக்கிவிடும். ஒரு முறை தெறித்து அம்மாவின் தாடையைக் கிழித்தது. அவள் சட்டைக் கையால் ஒற்றிவிட்டு மறுபடி மாட்டினாள். நான் வெளியே வந்து பார்த்தபோது அப்பா பலகையில் கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்து, இரண்டு கையையும் காற்றில் முறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை ஸ்பிரிங் வழுக்கும்போதும் அவர் உடம்பும் துள்ளி, வலியில் முனகியது. "அண்ணே, வேல பாக்காமப் படுங்க" என்று காதர் மாமா அதட்ட வேண்டியிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் "ஏர் எடுக்க" ஆரம்பித்தார்கள். பிரேக் ஆயில் போகும் குழாயில் காற்று புகுந்துவிட்டால் மிதி பஞ்சுபோல அமுங்கும், வண்டி நிற்காது. அந்தக் காற்றைக் கடைசிக் குமிழி வரைக்கும் வெளியேற்ற வேண்டும். காதர் மாமா சீட்டில் உட்கார்ந்து மிதிப்பார், அம்மா அடியிலிருந்து ஒரு சின்ன திருகைத் திறந்து மூடுவாள். "மிதி", "பிடி", "விடு" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா காட்டிய பாட்டிலில் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஏறி வெடித்தன. குமிழி நின்ற பிறகும் அம்மா, "இன்னொரு தடவ மிதிங்கண்ணே" என்றாள். பிறகும் ஒரு தடவை. அப்பா போதும் என்று சொல்லியும் அவள் நிறுத்தவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு காதர் மாமா ஜீப்பைக் கம்பம் ரோட்டில் ஓட்டிப்போய், மிதித்து நிறுத்தி, திரும்பி வந்தார். பிடிக்கிறது என்றார். அது சமதளம். மெட்டு வேறு.

திங்கட்கிழமை விடிகாலையில் ஜீப் ஏறப் பெண்கள் அன்று எங்கள் கடை வாசலுக்கே வந்தார்கள். அவர்களை வேலைக்குச் சேர்த்துக் கூட்டிப்போகும் பேச்சியக்கா முதலில் வந்து, குனிந்து ஜீப்பின் அடியை ஒரு பார்வை பார்த்தாள். அங்கே பார்த்தால் ஏதாவது தெரியும் என்பதுபோல.

"ஏத்தா லூர்து, நீ போட்ட பிரேக்காமே?"

"ஆமா மதினி."

"ஆரோக்கியம் கைய வைக்கவே இல்லியா?"

"அவுக வாயால சொன்னாக. கை என்னோடது."

யாரும் ஏறவில்லை. பின்னால் நின்ற ஒரு இளம் பெண், "வீட்ல கைப்புள்ள இருக்குக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். அம்மாவுக்கு அதில் கோபமே வரவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "நியாயந்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் தூக்குவாளியும், மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் காகிதமும், ஒரு பையில் ஸ்பேனர்களும் இருந்தன. ஜீப்பின் பின்பக்கம் ஏறி, கடைசி ஓரத்தில், கதவு இல்லாத இடத்தில் உட்கார்ந்தாள்.

"போறப்பவும் எறங்குறப்பவும் இங்கனதான் இருப்பேன். நம்புனா ஏறுங்க."

பேச்சியக்கா முதலில் ஏறி, அம்மாவின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்களும் ஏறினார்கள். கைப்பிள்ளைக்காரி கடைசியாக ஏறினாள்.

ஜீப் போன பிறகுதான் என் தலைமுடி பின்னப்படவில்லை என்பது நினைவுக்கு வந்தது. முந்தின நாள் அடியில் படுத்து வேலை செய்ததில் அம்மாவால் காலையில் கையைத் தோளுக்கு மேல் தூக்கவே முடியவில்லை. அவளுடைய தலையையே வாராமல்தான் போயிருந்தாள். அப்பா, "வா ஆத்தா" என்று கூப்பிட்டு, பலகையின் பக்கத்தில் தரையில் என்னை உட்காரவைத்து, மல்லாக்கப் படுத்தபடியே பின்னிவிட்டார். ஒயர் முறுக்குவதுபோல அவ்வளவு இறுக்கம். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க என் புருவங்கள் மேலேறியே இருந்தன. "யாருடி பின்னுனது?" என்று டீச்சர் கேட்டதற்கு, "மெக்கானிக்" என்று சொன்னேன்.

அன்று சாயங்காலம் ஒவ்வொரு ஜீப்பாக இறங்கி வந்தது. அப்பா சத்தத்தைக் கேட்டு, இது இன்னாருடையது, இது இன்னாருடையது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். காதர் மாமாவின் ஜீப் மட்டும் வரவில்லை. அப்பா என்னிடம் தண்ணீர் கேட்டார், கொண்டுபோனபோது குடிக்கவில்லை. ரோட்டுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார். நான் நகர்ந்ததும், வேண்டாம், இங்கேயே இரு என்றார். ஜெபமாலையைக் கேட்பாரோ என்று நினைத்தேன். கேட்கவில்லை.

வெளிச்சம் முழுதும் போவதற்குள் அது வந்துவிட்டது. நிற்பதற்கு முன்பே எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பேச்சியக்கா நேரே அப்பாவிடம் வந்து நின்றுகொண்டு சொன்னாள்.

"காலையில ஏறுறப்பவே, பாதி மெட்டுல ஒம் பொண்டாட்டி வண்டிய நிறுத்துன்னு கத்துறா. எங்களுக்கு ஈரக்கொல நடுங்கிருச்சு. எறங்கி, ஏந் தண்ணிய வாங்கிப் பின் சக்கரத்துல தெளிக்கிறா, சுர்ருங்குது. அப்படியே ரோட்டுல படுத்து என்னமோ திருகுனா. பெறகு கையால தொட்டுப் பாத்துட்டு ஏறுங்கங்குறா. எறங்கையில ஒவ்வொரு வளைவுலயும் நான் இவ மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு வந்தேன், ரோட்டப் பாக்கல."

இறங்கும்போது காதர் மாமா வேண்டுமென்றே மெதுவாக ஓட்டியதால்தான் அவ்வளவு தாமதம். அம்மா அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சேலை முழுக்கச் சேறு, தாடையில் முந்தின நாள் காயத்தின் பொருக்கு.

"கட்டை ஒரசிச் சூடேறுற அளவுக்குக் கூடுதலா முறுக்கிட்டியாக்கும்?" என்றார் அப்பா.

"பயத்துல முறுக்கிட்டேங்க. பிடிக்காமப் போயிருமோன்னு."

"நான் மொத மொதல்ல போட்ட வண்டி எடத்த விட்டே நகரல" என்று சொல்லி அவர் சிரித்தார். சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டு, "ஐயோ ஆத்தா" என்று கத்தினார். அதைப் பார்த்துப் பேச்சியக்கா சிரிக்க, அம்மாவும் சிரித்துவிட்டாள். ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு அவள் எழுந்து, வாசலில் நின்றிருந்த ஜீப்பிடம் போய், அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அப்பாவின் முகத்தில் நான் பார்த்திருந்த அதே ஒன்று அவள் முகத்திலும் இருந்தது.

தேனியில் எடுத்த படத்தில் டாக்டர் சொன்னதுதான் இருந்தது. அப்பா எழுந்து நடக்க மாதங்கள் ஆயின. பாரம் தூக்குவதும் அடியில் படுப்பதும் அவரால் பிறகு முடியவே இல்லை. அவர் முக்காலியில் உட்கார்ந்து இன்ஜின் பார்த்தார், அம்மா அடியில் பார்த்தாள். அப்படியே என் பள்ளிப் படிப்பும் கல்லூரிப் படிப்பும் முடிந்தன. அதற்குள் அவளுடைய கழுத்தும் போனது. கோயில் பூசையில் சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டும்போது அண்ணாந்து பார்க்க அவளால் முடியாது. அதற்கு ஈடாக அவளுக்கு என்ன கிடைத்தது என்று, உடம்பைப் பற்றிய படிப்பைப் படித்துவிட்டு வந்த திமிரில் ஒரு முறை கேட்டேன். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"தோட்டத்துல நான் எடுத்த காயெல்லாம் எங்க போச்சு, யாரு தின்னாக, எனக்கு என்ன தெரியும்? இது அப்படியில்ல. சாயங்காலமானா திரும்பி வருது. அத்தன பேரும் எறங்கி வீட்டுக்குப் போறாக. கண்ணால பாக்குறேன்ல."

இப்போது தேனி அல்லிநகரத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன். மெக்கானிக்குகள் வருகிறார்கள், தோள், கழுத்து, இடுப்பு. அவர்களுடைய கையைத் தூக்கச் சொல்லி எங்கே வலி தொடங்குகிறது என்று பார்ப்பது என் வேலை. வேலையை விட்டுவிடுங்கள் என்று யாரிடமும் எனக்குச் சொல்ல வருவதில்லை. எந்த வேலை முடிந்ததும் வண்டியைச் சுற்றி வருவீர்கள் என்று கேட்கிறேன். எல்லோரும் விலாவாரியாகச் சொல்கிறார்கள். சொல்லும்போது தூக்கிய கை இன்னும் கொஞ்சம் மேலே போகிறது.

கடையை மூடிவிட்டு அப்பாவும் அம்மாவும் என்னோடுதான் இருக்கிறார்கள். போன மாதம் ரேஷன் கடைக்குக் கூட்டிப்போனேன். அப்பா கட்டை விரலை மெஷினில் வைத்தார்; அது ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல், நடு விரல், மறு கை, எதையும் ஏற்கவில்லை. அம்மாவை வைக்கச் சொன்னார்கள். அவளுடைய விரல்களிலும் ஒன்றுகூட விழவில்லை. கடைக்காரப் பையன் துணியால் மெஷினைத் துடைத்தான், அம்மாவின் விரலைத் துடைத்தான், பிறகு அவள் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ரெண்டு பேருக்கும் ரேகையே இல்ல?" என்றான்.

நானும் அப்போதுதான் பார்த்தேன். தினமும் எத்தனையோ பேருடைய கையைப் பிடித்துப் பார்க்கிற நான் அவர்களுடைய விரல் நுனிகளைப் பார்த்ததில்லை. கூழாங்கல்போல வழவழவென்று இருந்தன.

அம்மா கையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "அதெல்லாம் மெட்டு ஏறிப் போயிருச்சு தம்பி" என்றாள். "நீங்க கண்ணப் பாத்துக் குடுங்க."

பையன் கண்ணைப் பார்க்கும் கருவியை எடுத்தான். அண்ணாந்து பார்க்க முடியாத அம்மாவுக்காக அவன் நாற்காலியை விட்டு இறங்கி வந்து, அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து பிடித்தான். அது அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டது.